சரி, வா

நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் பக்கத்தில் ஸ்டீயரிங் கிடையாது. ஆனால் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் உண்டு, எனக்கென்று தனியாக ஒரு பின்பார்வைக் கண்ணாடி உண்டு. யாராவது பஸ்ஸுக்கு அடியில் போய்ச் சொருகப் பார்த்தால் மிதித்துவிடுவேன். வருடக்கணக்காக இப்படி மிதித்து மிதித்து, சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். டாக்ஸியில் என்னோடு வருவதென்றாலே என் வீட்டுக்காரருக்குக் கூச்சம்.

இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் மலையில் ஓடப் போனதற்கு என் ஓரகத்திதான் காரணம். மாடி வீட்டில் அவளும் என் கொழுந்தனும், கீழ் வீட்டில் நாங்கள். 'ஓரகத்திங்கற வார்த்தையோட வால்லயே ஒரு கத்தி இருக்கு, பாத்து நடந்துக்க' என்று அவள் கல்யாணத்துக்கு முன்பே என் அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். வந்தவளோ என்னைவிட ஒரு வயது பெரியவள். இருந்தாலும் தம்பி பெண்டாட்டி ஆயிற்றே. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள், நான் அவளுக்கு அக்கா. என்னைவிட மூத்த ஒருத்தியை வாடி போடி என்று கூப்பிடும் சுகம் எனக்கு முறையாலேயே வாய்த்தது. அதை நான் வீணாக்கவில்லை.

சின்னவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். என் ரத்தத்தை எடுத்தவளும் அவள்தான். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ஷூவோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"கிளம்புங்க. சர்க்கரை எல்லையில நிக்குது. இந்தப் பக்கம் வரதுக்குள்ள நாம அந்தப் பக்கம் ஓடணும்."

முதலில் பூங்காவைச் சுற்றி நடந்தோம். பிறகு ஓட்டமும் நடையுமாக ஊருக்கு வெளியே உள்ள குன்று. பிறகு பெரிய குன்று. எப்போதும் அவள் முன்னால், நான் பின்னால். அவளுடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டு அது வைத்த இடத்தில் நான் வைப்பேன். ஏற்றம் வந்தால், "இதுதான்க்கா கடைசி மேடு" என்பாள். ஊசி குத்துகிற அதே வாய்தானே, நான் ஒருநாளும் நம்பியதில்லை. இறக்கம் வந்தால் என் தொல்லை ஆரம்பிக்கும். ஒவ்வோர் அடிக்கும் பிரேக் போடுவேன். விரல் ஷூவின் முன்பக்கம் போய் இடித்து இடித்து, கால் நகம் இரண்டு கறுத்தே போய்விட்டன.

"பிரேக்க விடுங்கக்கா" என்று கீழே நின்றுகொண்டு கத்துவாள். "யாரும் உங்ககிட்ட டிரைவிங் கத்துக்க வரல!"

அப்படித்தான் போன வருடம் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தோம். ஜெயிப்பதற்கென்றே முன்னால் பறக்கிற கூட்டம் ஒன்று உண்டு. நாங்கள் அவர்கள் கிளப்பிய புழுதியில் வருகிற கூட்டம். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே எதிரி நேரம். வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்த நேரத்தில் மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தால் மார்பில் குத்திய நம்பரைக் கழற்றி வாங்கிக்கொண்டு வேனில் ஏற்றிவிடுவார்கள். போன வருடம் என் பிரேக்கால் கடைசி நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டோம். வேனில் சின்னவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கோட்டத் தாண்டறோம். யார் வேன்ல ஏறினாலும் அதோட உறவு கட்."

இந்த வருடம் ஓட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு கொழுந்தனுக்கு மாற்றல் வந்தது. பக்கத்து ஊர் இல்லை, விமானத்தில் போகிற தூரம். ஓட்டம் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்கிறார்கள். சின்னவள் படியிறங்கி வந்து சமையலறை வாசலில் நின்று அதைச் சொன்னாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நல்லதுதானே. சம்பளம் கூடும்" என்றேன். என் கைதவறி ஒரு தட்டு உடைந்தது.

எனக்கு அப்படி ஒரு குணம். வலித்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. காலையில் ஓடும்போது சாக்ஸ் பற்றிப் பேசினோம். எந்த சாக்ஸ் கொப்புளம் போடும், எது போடாது என்று இரண்டு பேர் அவ்வளவு பேசியிருக்க முடியாது. மாடியில் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

ஆனால் மனதுக்குள் ஒன்று முடிவு செய்திருந்தேன். இந்த முறை கோட்டைத் தாண்டிவிட வேண்டும். தாண்டியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். போகாதே என்று சொல்வதற்கில்லை, அது எனக்கும் தெரியும். சொல்லாமல் அனுப்பினால் மட்டும் எனக்கு ஆறாது. மூச்சு வாங்கும்போது அழுதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது கூடுதல் வசதி.

ஓட்டத்தன்று எல்லாம் நன்றாகவே போனது. காலைப் பனியில் காட்டுக்குள் நுழைந்தோம். மரங்களில் கட்டியிருந்த ஆரஞ்சு ரிப்பன்தான் வழிகாட்டி. அவள் குதிகால், என் கால், அவள் குதிகால், என் கால். கடைசி நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவில் ஒரு வேரில் அவள் கால் மடங்கியது. உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது.

"என்னாச்சுடி?"

"ஒண்ணுமில்லக்கா. சுருக்குன்னு இருக்கு, அவ்வளவுதான்."

ஊசி குத்தும்போது சொல்கிற அதே வசனம். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். எனக்கோ நேரத்தின் மேலேயே கண்.

கடைசி நிறுத்தம் என்பது ஒரு கூடாரம். ஒரு தண்ணீர் டிரம், வாழைப்பழம், உப்புத் தூவிய உருளைக்கிழங்கு, நாற்காலியில் ஒரு டாக்டர், விசில் வைத்துக்கொண்டு ஒருவர். "மூடப் போறோம், மூடப் போறோம், நிக்கிறவங்க கிளம்புங்க!" என்று விசில்காரர் விரட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் நொண்டிக்கொண்டே டாக்டர் பக்கம் போனாள். நான் ஒரு பழத்தை இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு டிரம்முக்கு ஓடினேன். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. காற்றுக்குப் பயந்து கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தேன். பின்னாலிருந்து சின்னவளின் குரல் கேட்டது.

"அக்கா, நான் வரேன்."

"சரி, வா" என்றேன் திரும்பாமலே. பாட்டிலை மூடினேன், கிளம்பினேன்.

அங்கிருந்து பெரிய ஏற்றம். முதல் தடவையாக நான் முன்னால். பார்த்து வைக்க முன்னால் குதிகால் இல்லாததால் எங்கே கால் வைப்பது என்பதே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பாதை ஓராள் அகலம். மேலே ஏற ஏறப் பனி மூடிக்கொண்டது. காரில் இருப்பது போல எனக்கு ஒரு கண்ணாடி இருந்திருந்தால் பின்னால் பார்த்திருப்பேன். கழுத்தைத் திருப்பினால் தலை சுற்றியது, திருப்பவில்லை. ஆனால் சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி, நிதானமாக, என் வேகத்துக்கே. கால் வலியோடு விடாமல் வருகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகம் தெரியாமல் காலடி மட்டும் கேட்டதும் என் வாய்ப்பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

"இங்க பாருடி" என்றேன் முன்னால் பார்த்தபடியே. "நீ போறது எனக்குப் பிடிக்கல. சொல்லிட்டேன்."

காலடி மட்டும் வந்தது.

"அன்னைக்குச் சம்பளம் கூடும்னு சொன்னேன் பாரு, அது சும்மா. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல. நீ பேசாத, மூச்ச மிச்சம் பிடிச்சுக்க. நானே பேசறேன்."

பேசினேன். அந்த மலை எவ்வளவு உயரமோ அவ்வளவும் பேசினேன். காலையில் மாடியில் அவள் நடக்கிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வருகிறது, அலாரம் வைத்ததே இல்லை என்றேன். இனி மாடிக்கு யாரோ ஒரு தடியன் குடிவருவான், அவன் நடையில் நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றேன். என் ரிசல்ட்டைப் பார்த்து ஷூவோடு வந்து நின்றாயே, என் கூடப்பிறந்தவர்கள்கூட அதைச் செய்யவில்லை என்றேன். நீ போன பிறகு நான் ஓடமாட்டேன், சர்க்கரை ஏறிக் கிடப்பேன், எல்லாம் உன்னால்தான் என்று திட்டினேன். பிறகு, அப்படிச் சொன்னதற்காகக் கோபித்துக்கொள்ளாதே என்றேன். அழுகையும் வந்தது. இரைப்போடு சேர்ந்து அது ஒரு மாதிரி விசில் சத்தமாக வெளியே போனது.

உச்சிக்குப் பக்கத்தில் பாதை கொஞ்சம் சமமானது. நின்றேன். பையிலிருந்த பழம் நசுங்கியிருந்தது. இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைத் திரும்பாமலே பின்னால் நீட்டினேன்.

"இந்தா, சாப்பிடு. ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம்."

ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. பெரிய கை. மணிக்கட்டில் மயிரும், தடித்த கடிகாரமும்.

நான் போட்ட கூச்சலில் மலையே அதிர்ந்திருக்கும். பின்னால் நின்றவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர். தோளில் ஒரு பை, பை நிறைய ஆரஞ்சு ரிப்பன். கையில் என் அரைப் பழம்.

"பயப்படாதீங்கம்மா. நான் கடைசி ஆளுக்குப் பின்னாடி வரவன். ரிப்பன அவுத்துக்கிட்டே வரணும், யாரும் மலையில தங்கிடாம பாத்துக்கணும். அதான் என் வேலை. ஊர்ல பல் டாக்டர்."

"அப்ப நான் பேசினதெல்லாம்..."

"போன்ல பேசறீங்கன்னு நெனச்சேன். தொப்பிக்குள்ள இயர்போன் இருக்கும்னு." பழத்தைக் காட்டினார். "இது குடுத்தப்பதான் சந்தேகம் வந்துச்சு."

"சின்னவ எங்க? என் பின்னாடி வரேன்னு சொன்னாளே!"

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்க வேன்ல ஏறிட்டாங்களே. கால் வீங்கிப்போச்சு, டாக்டர் விடல. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க? நான் அங்கதான் நின்னேன். 'அக்கா, நான் வரேன்'னாங்க. நீங்களும் 'சரி, வா'ன்னீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளம்புகிறவள் போகிறேன் என்று சொல்வாளா? நம் வீடுகளில் யாராவது அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்கியிருக்கிறோமா? போகும்போதும் வரேன், வரும்போதும் வரேன். அவள் வேனுக்குப் போகிறேன் என்றிருக்கிறாள், நான் வழியனுப்பி வைத்திருக்கிறேன். என்ன பாஷை இது என்று வாய்விட்டே திட்டினேன். பல் டாக்டர் பழத்தை மென்றுகொண்டே தலையாட்டினார்.

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். சேர்ந்து தாண்ட வேண்டிய கோடு. அவள் இல்லாமல் அதைத் தாண்டி நான் என்ன செய்யப் போகிறேன்? அவள் பின்னால் வருகிறாள் என்ற நினைப்பில்தான் அவ்வளவு உயரம் ஏறியிருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது, யாரோ ஒரு பல் டாக்டரிடம்.

அவரும் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார். "நீங்க உக்காந்தா நானும் உக்காரணும்மா. ரூல் அப்படி. முடியலன்னா சொல்லுங்க, ஸ்ட்ரெச்சர் வரச் சொல்றேன்."

"ஸ்ட்ரெச்சரா? எனக்கா?"

"இல்லன்னா கிளம்பணும். இனிமே இறக்கம்தான், ஆனா நேரம் கம்மி." பைக்குள் பழத்தோலைச் செருகிக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகச் சொன்னார். "வேன்காரர் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னார். அவங்க கேக்கல. 'முதல்ல முடியற எடத்துல இறக்கி விடுங்க. எங்க அக்கா வந்துடுவாங்க, நான் அங்க இருக்கணும்'னு ஒரே பிடிவாதம்."

எங்க அக்கா வந்துடுவாங்க. சந்தேகமே இல்லாமல் சொல்லியிருக்கிறாள். போன வருடம் என்னால் வேன் ஏறியவள்.

எழுந்தேன். கீழே பாதை கல்லும் வேருமாக வளைந்து வளைந்து இறங்கியது. முதல் சில அடிகளுக்குக் கால் வழக்கம் போல அழுத்தியது, விரல் போய் இடித்தது. பிரேக்க விடுங்கக்கா, பிரேக்க விடுங்கக்கா என்று எனக்கு நானே அவள் குரலில் சொல்லிக்கொண்டேன். விட்டேன். உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் தானாக வந்து சேர்ந்தது. ஓர் இடத்தில் மட்டும் விழுந்து உள்ளங்கை கிழிந்தது. எழுந்து மறுபடியும் விட்டேன். ரிப்பன்காரர் பின்னால் எங்கேயோ, "அம்மா, மெதுவா! நான் ரிப்பன் அவுக்கணும்!" என்று கத்துவது கேட்டது. மெதுவா, மெதுவா என்று தினமும் பக்கத்து இருக்கையிலிருந்து கத்துகிற என்னைப் பார்த்து ஒருவர் அதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முடியும் இடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் காலை நீட்டி, கணுக்காலில் ஐஸ் பையோடு சின்னவள். என்னைக் கண்டதும் ஐஸ் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று அலறினாள். அதைக் கேட்டுத் தொண்டர்களும் கை தட்டினார்கள். கடிகாரம் நிற்பதற்குள் தாண்டிவிட்டேன். யாரோ கழுத்தில் மெடலை மாட்டினார்கள். நான் நேராக அவளிடம் போனேன்.

"ஏண்டி சொல்லாம போன?"

"சொன்னேனே! நான் வரேன்னு சொன்னேன், நீங்க சரி வான்னீங்க."

"பின்னாடி வரேங்கறியாக்கும்னு நெனச்சேன்டி. மலை முழுக்க உன்கூடப் பேசிக்கிட்டே வந்தேன்!"

"என்ன பேசினீங்க?"

அதற்குள் பல் டாக்டர் ரிப்பன் பையோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "நீங்கதானா அது?" என்றார் அவளிடம். "உங்களுக்குச் சேர வேண்டிய பேச்சு ஒரு மலை அளவு என்கிட்ட இருக்கு. நல்ல பேச்சு. அவங்க வாயாலேயே கேட்டுக்குங்க." ரிப்பனைக் கொட்டப் போய்விட்டார்.

மலையில் அருவி போலக் கொட்டிய வாய், முகத்தைப் பார்த்ததும் மறுபடி பூட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தேன். கிழிந்த கையைத் துடைத்தேன். அவள் காத்திருந்தாள்.

"நீ போறது எனக்குப் பிடிக்கல" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழிந்த கை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை, லேபில் வேலை பார்க்கிறவள். "இத்தனை நாள் சாக்ஸ் பத்தியே பேசினீங்களேக்கா" என்றாள். "நான் போனா உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுட்டேன். உங்க மனசு தெரியாமலே பெட்டி கட்டிட்டிருந்தேன்." பிறகு இரண்டு பேரும் அழுதோம். மூச்சு வாங்கும்போது அழுதால் தெரியாது என்று நான் போட்ட கணக்கு தப்பு. நன்றாகத் தெரிந்தது.

அவர்கள் கிளம்பிய அன்று காலை, என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் பெட்டிகளோடு வேனில் முன்னால் போனார்கள். சின்னவளை நான் என் காரில் கூட்டிப்போனேன். அன்றைக்கு ஸ்டீயரிங்கில் நான். அவள் கால் வீக்கம் வடிந்திருந்தது. பக்கத்து இருக்கையில், நான் தினமும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். விமான நிலையத்துக்குத் திரும்பும் வளைவில் கார் திடீரென்று மெதுவானது. நான் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். கார் உறுமியதே தவிர நகர மாட்டேன் என்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

குனிந்து பார்த்தேன். இரண்டாவது பிரேக்கின் மேல் அவள் கால். அவள் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவளே" என்றேன். "பிரேக்க விடுடி."

எடுத்தாள். விமான நிலைய வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கி, கதவைச் சாத்தி, ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"அக்கா, நான் வரேன்."

"எந்த வரேன்?"

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. எந்த வரேனாக இருந்தாலும் அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"சரி, வா" என்றேன்.